இரண்டு கட்டைகள் ஏன் பிளந்தன, மூன்றாவது ஏன் நிற்கிறது: ஒரு காற்றுத் துப்பாக்கியின் ஒட்டுக் கட்டை

துப்பாக்கி சாதாரணமானது. 4.5 மில்லிமீட்டர் குழல், அதைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கும், ட்ரிக்கரைத் தட்டினால் விடுபடும். பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை பத்து மீட்டர் ஓபன் சைட் (குழல் மேலுள்ள குறிமுள்ளைப் பார்த்தே சுடும்) போட்டிக்காக இதில் பழகுகிறாள். இரும்பில் எந்தக் குறையும் இல்லை, போனதெல்லாம் மரம்தான். வாங்கும்போது வந்த கட்டை, அதாவது இரும்பைத் தாங்கி, கையிலும் தோளிலும் பதியும் மரப் பகுதி, கைப்பிடிக் கழுத்தில் பிளந்தது. அதற்குப் பதிலாக ஒரு பட்டறையில் பிளைவுட்டில் செய்து வாங்கிய கட்டை 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு அடுக்கு விட்டு வாய் திறந்தது. மூன்றாவதை அம்பாசமுத்திரம் பக்கத்து ஆசாரி ஒருவரும் நானும் சேர்ந்து தேக்கும் பூவரசும் ஒட்டிச் செய்தோம். அது இன்றுவரை அசையவில்லை.

இந்த வேலையைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பசை என்றுதான். மூன்று கட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது, பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே கட்டையின் ஆயுள் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பது. அதனால் மரம் காய்ந்த கதையை விரிவாகவும் பாலிஷ் போட்ட கதையைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

தொடங்குமுன் சட்டம். இங்கே சொல்வது காற்றுத் துப்பாக்கிக்கு மட்டும். 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழலும் 20 ஜூலுக்குள் அடங்கும் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி வேறு. 1959 ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. அதன் கட்டையில் கோளாறு என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில்தான் கொடுக்க வேண்டும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செதுக்கக் கூடாது. இன்னொன்று, நம் பக்கம் மேற்கே முழுக்கக் களக்காடு முண்டந்துறைக் காடு. காடை, கவுதாரி, முயல் என்று எதைக் குறி பார்த்தாலும் அது 1972 வன உயிரினச் சட்டத்தின்படி குற்றம். காகித அட்டையைச் சுடுவதற்கான கருவி இது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு கட்டைகள்

முதல் கட்டை ஒற்றைப் பலகையில் கடைந்தது. மலிவான வெளிர் மரத்தின் மேல் கருஞ்சிவப்புச் சாயம். சாயத்தைச் சுரண்டிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. தோளில் பதியும் பட் பகுதியில் ரேகை, அதாவது மரத்தின் நார் போகும் வரி, நீளவாக்கில் அழகாக ஓடுகிறது. ஆனால் கழுத்து கீழ்நோக்கி வளையும் இடத்தில் மரம்தான் வளைகிறது, ரேகை வளையவில்லை. நேராகப் போய்க் கழுத்தின் அடிப்பக்கம் வெளியே வந்துவிடுகிறது. கட்டை முழுவதிலும் மெலிந்த இடமும் அதுதான், சுமார் 35 மில்லிமீட்டர். குழலை மடக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை ஒரு கையால் கழுத்தைப் பிடித்து மறு கையால் குழலை அழுத்துகிறாள். வளைக்கிற விசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. பிளவு ரேகையை விட்டு ஒரு நூல் கூட விலகவில்லை.

இரண்டாவது கட்டையைச் செய்த பட்டறையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் மூன்றை முகத்தோடு முகம் ஒட்டி 54 மில்லிமீட்டர் கனமாக்கி, அதில் வெட்டியிருந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நெல்லை ஜங்ஷன் வரை தண்ணீர் நின்றது. துப்பாக்கி பரணில் இருந்ததால் வெள்ளம் அதைத் தொடவில்லை. ஆனால் சுவர் காயவே வாரக்கணக்கில் ஆயிற்று, வீட்டுக் காற்று அத்தனை ஈரம். அப்புறம் எடுத்துப் பார்த்தபோது, ட்ரிக்கருக்கு முன்னால் நீளும் முன்கட்டையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி.

இங்கே கவனிக்க வேண்டியது எது பிரிந்தது என்பது. பிளைவுட்டுக்குள்ளே ஆலையில் ஒட்டிய மெல்லிய தகடுகள் அப்படியே இருந்தன. பட்டறையில் ஒட்டிய இரண்டு இணைப்புகள்தான் விட்டன. இடைவெளியில் உளியைக் கொடுத்து முழுதாகப் பிரித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் பிரிக்கும்போது மரமே கிழிந்து, ஒரு முகத்தின் சிராய் மறு முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதில் ஒரு சிராய் கூட இல்லை. ஒரு முகத்தில் பசை கண்ணாடிபோல வழுவழுவென்று மின்னியது, எதிர் முகம் ஆலையிலிருந்து வந்த மெருகு குலையாமல் இருந்தது. உப்புத்தாளால் ஒரு தேய்ப்புக்கூடத் தேய்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பசை மரத்துக்குள் இறங்கவே இல்லை, மேலே ஒரு தோலாகக் காய்ந்திருக்கிறது. போட்டது வீட்டுச் சாமான்களுக்குப் போடும் வெள்ளைப் பசை, அது நீண்ட ஈரத்தில் இளகும். இரண்டும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்?

பிளைவுட்டே இந்த வேலைக்குப் பொருத்தமில்லை என்பது என் கருத்து. அதில் தகடுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே அடுக்கப்பட்டிருக்கும். மேசைப் பலகைக்கு அது நல்லது, எந்தப் பக்கமும் வளையாது. கழுத்துக்கு வேண்டியது நீளவாக்குப் பலம். குறுக்கே கிடக்கும் தகடுகள் அந்த இடத்தில் கனத்தைக் கூட்டுகின்றனவே தவிர, பாரத்தைத் தாங்குவதில்லை. துப்பாக்கிக்கென்றே ஆலைகளில் செய்யும் ஒட்டுக் கட்டைகளில் எல்லாத் தகடும் ஒரே திசையில்தான் ஓடும். ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப் போரையொட்டி மௌசர் துப்பாக்கிகளுக்கு ஒற்றை வால்நட் கட்டையை விட்டு ஒட்டுக் கட்டைக்கு மாறியதும், அது வளையாமல் நிற்கும், வருடக்கணக்கில் மரத்தைப் பதப்படுத்தக் காத்திருக்க வேண்டாம் என்பதால்தான். எடை கூடும் என்பது ஒன்றே குறை. நமக்கும் அதே கணக்குதான்.

மரம்

ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கியின் உதை விசித்திரமானது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும், பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் மோதியதும் முன்னுக்கு இழுக்கும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள். இப்படி முன்னும் பின்னும் உலுக்குவதால்தான் இதில் திருகுகள் சீக்கிரம் தளர்கின்றன. ஆகவே மரம் பிளக்கவும் கூடாது, திருகுத் தலைக்கு அடியில் நசுங்கவும் கூடாது.

தேக்கு கிடைத்தது கல்லிடைக்குறிச்சியில் இடித்த ஒரு பழைய வீட்டின் விட்டத்திலிருந்து. அந்தக் காலத்துப் பர்மாத் தேக்கு. நம் ஊர்ப் பழைய வீடுகளில் இன்னும் எவ்வளவோ நல்ல மரம் இருக்கிறது, இடிக்கும்போது விறகு விலைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. விட்டத்தை ரம்பத்துக்குக் கொடுக்கும் முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பழைய ஆணி எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கருநீலக் கறை பரவியிருக்கும். அந்தப் பகுதியைத் தள்ளிவிடுவது நல்லது.

தேக்கு நிலையான மரம், ஆனால் ரேகையோடு எளிதில் பிளக்கும். அதற்குத் துணையாக, சீக்கிரம் பிளக்காத மரம் ஒன்று இடையில் வேண்டும். ஆசாரி பூவரசு என்றார். நம் வாய்க்கால் கரையெல்லாம் நிற்கும் மரம். வைரம் பாய்ந்த பகுதி நல்ல காப்பி நிறத்தில் பின்னிப் பின்னி ஓடும், ஆப்பு அடித்தாலும் சுலபத்தில் வழி விடாது. தோட்டத்தில் சாய்ந்த மரம் ஒன்றிலிருந்து பலகை அறுத்து எடுத்தோம். வெளிப்பக்கத்து வெளுத்த மரத்தை மில்லிலேயே கழித்தாயிற்று, பூச்சி முதலில் அதைத்தான் தேடும்.

பலகை வந்த கையோடு ஒட்டிவிடலாம் என்று எனக்கு ஆசை. ஆசாரி விடவில்லை. பூவரசைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் பச்சை அடிக்கு வே. இப்பம் ஒட்டினா தேக்கு நின்ன இடத்துல நிக்கும், இது சுருங்கிக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல பசைதான் கிழியும்" என்றார்.

அதை எடை போட்டு உறுதி செய்யலாம். பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான தராசில் எடை எழுதிக்கொண்டு, கேக் செய்யும் அவனில் 105 டிகிரியில் எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காய வைக்க வேண்டும். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரத்தின் சதவீதம். 118 கிராம் துண்டு 100 கிராமுக்கு வந்தால் ஈரம் 18 சதவீதம். பூவரசு அந்த அளவில்தான் இருந்தது. விட்டத்துத் தேக்கு 10. இந்த வித்தியாசத்தோடு ஒட்டியிருந்தால், 180 மில்லிமீட்டர் அகலப் பலகையில் பூவரசு மட்டும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். தேக்கு விடாது. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது ஒட்டுக் கோடு.

மரம் எந்த ஈரத்தில் நிற்கும் என்பதைச் சுற்றியுள்ள காற்றுதான் தீர்மானிக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும், 80 சதவீதம் என்றால் 16க்குப் போகும். பங்குனி வெயிலிலிருந்து கார்த்திகை அடைமழைக்குப் போகும்போது நம் ஊரில் மரம் கிட்டத்தட்ட இந்த இரண்டு கரைகளுக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. தேக்கில் 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு வளையவாக்கில், அதாவது மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே அசைவு உண்டு. ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து வெளியே போகும் திசையில், பாதிதான். பலகையை எந்த முகம் பார்த்து அறுக்கிறோம் என்பது இதனால்தான் முக்கியம்.

பூவரசைத் தடித்த பலகையாகக் காய வைத்தால் ஒரு வருடம் போகும். 10 மில்லிமீட்டருக்கு அறுத்து, முனைகளில் பெயின்ட் தடவி, இடையில் ரீப்பர் துண்டுகள் கொடுத்து, நிழலில் காற்று ஓடும் இடத்தில் அடுக்கி மேலே பாரம் வைத்தோம். வாரம் ஒரு தடவை ஒரே பலகையை எடுத்து எடை. ஆனியில் பொதிகைக் காற்று பிடித்ததும் எடை இறங்குவது சற்று நின்றது, சாரல் ஈரம் அம்பாசமுத்திரம் வரை எட்டுகிறது. அப்புறம் அடுக்கை வீட்டுக்குள் தேக்கின் பக்கத்திலேயே மாற்றினோம். இரண்டும் ஒரே அறையில் கிடந்து, எடை அசையாமல் நின்ற பிறகுதான் இழைப்புளி எடுத்தது.

அடுக்கும் ஒட்டும்

மொத்தம் ஐந்து அடுக்கு: 12 மில்லிமீட்டர் தேக்கு மூன்று, இடையிடையே 7 மில்லிமீட்டர் பூவரசு இரண்டு. கூட்டினால் 50. ஒற்றைப்படை எண்ணும், நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி அமைப்பும் இருந்தால் ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கம் ஈடு செய்துவிடும், கட்டை வில்லாக வளையாது.

இந்தக் கட்டையின் உயிர் என்று நான் நினைப்பது பூவரசுப் பலகைகளை வைத்த விதம். தேக்கின் ரேகை கட்டையின் நீளத்தோடு ஓடுகிறது. பூவரசை மட்டும் ஏழெட்டு டிகிரி சாய்த்து, கழுத்து எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் ரேகையும் இறங்கும்படி வெட்டினோம். தேக்கு கழுத்தின் அடியில் வெளியேறும் இடத்தில் பூவரசு உள்ளேயே ஓடிப் பட் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. முதல் கட்டை பிளந்த கோட்டை இதில் தேடினால், அந்தக் கோட்டின் குறுக்கே இரண்டு பூவரசுத் தகடுகள் மறித்து நிற்கும். அட்டையில் கட்டையின் வடிவத்தை வெட்டி, பலகைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சரியான சாய்வு கண்ணுக்கே தெரியும். இதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம்.

தேக்கில் இயற்கையாக எண்ணெய் உண்டு, பசையை அது தள்ளும். அதனால் ஒட்டும் அன்று காலையில்தான் கடைசி இழைப்பு. 80ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒரு தரம் கீறிவிட்டு, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தோம். துணியில் மஞ்சள் ஏறுவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். அசிட்டோன் பறந்ததும் தாமதிக்காமல் ஒட்டிவிட வேண்டும், விட்டால் உள்ளே இருக்கும் எண்ணெய் மறுபடி மேலே வரும். தேக்குத் தூள் தோலிலும் மூச்சிலும் அரிக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

பசை, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகுவதுதான் சரி. நம் வெயிலில் அதுவும் அவசரப்படும். கிண்ணத்தில் குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகிவிடும். விடியற்காலையில், அகலமான தட்டில் பரப்பிக் கலக்கினால் நேரம் கிடைக்கும். இரண்டு முகத்திலும் பூச வேண்டும். கிளாம்ப் போடும்போது வெள்ளைப் பசைக்கு நெருக்குவதுபோல் நெரித்துவிடக் கூடாது. எபாக்சி முழுக்க வெளியே பிதுங்கிவிட்டால் உள்ளே ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. ஓரம் முழுக்கச் சிறு மணியாக எட்டிப் பார்த்தால் போதும். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். கழிவாகப் போகும் இரு முனைகளிலும் துளை போட்டு மூங்கில் ஆணி அடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு வாரம் தொடாமல் வைத்தோம்.

வெட்டி எடுத்த கழிவுத் துண்டு ஒன்றை ஆசாரி கொட்டாப்புளியால் ஆப்பு அடித்துப் பிளந்தார். தேக்கு கிழிந்தது, பூவரசு கிழிந்தது, இரண்டு முகத்திலும் சிராய் நிறைய இருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் கட்டையைச் செதுக்கத் தொடங்க வேண்டாம். ஒட்டு பழுது என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இரும்பு உட்காரும் இடம்

வெளி வடிவத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் உள்பள்ளம். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் மூலைமட்டம் வைத்து நடுக்கோடு பிடிக்க முடியும். சிலிண்டருக்கு அரைவட்டப் பள்ளமும் ட்ரிக்கர் பெட்டிக்கு ஆழமான துளையும் வேண்டும். முக்கால்வாசியை ட்ரில்லும் உளியும் எடுத்துவிடும். மீதியில்தான் பொறுமை வேண்டும். சிலிண்டரின் அடியில் கண்மையை எண்ணெயில் குழைத்து மெல்லியதாகத் தடவி, கட்டையில் இறக்கி, லேசாகத் தட்டி எடுத்தால் மரம் எங்கே இடிக்கிறதோ அங்கே கருப்புப் பதியும். அந்தக் கருப்பை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி இறக்க வேண்டும். முதலில் இரண்டு மூன்று புள்ளிதான் விழும், போகப் போகப் புள்ளிகள் பரவி, கடைசியில் பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கருப்புப் படியும். அப்போது சிலிண்டர் ஆடாது.

முன்கட்டையின் இரு பக்கத் திருகுகளும் ட்ரிக்கர் வளையத்துத் திருகும் நேரடியாக மரத்தில் உட்காரக் கூடாது. மரம் நசுங்க நசுங்கத் திருகு தளரும், குறி நகரும். பிள்ளைகள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வார்கள், காரணம் பெரும்பாலும் அந்தத் திருகுதான். லேத் பட்டறையில் பித்தளையில் மூன்று புஷ் (திருகு நுழையும் சிறு குழாய்) கடைந்து வாங்கி, எபாக்சி வைத்துப் பதித்தோம். இப்போது திருகுத் தலை பித்தளையைத்தான் அழுத்துகிறது, முறுக்கும் விசை மரத்தைத் தொடுவதில்லை.

வெளி வடிவம் அரமும் உப்புத்தாளும். உள்பள்ளத்துக்கும் புஷ் ஓரங்களுக்கும் நீர்த்த வார்னிஷ் இரண்டு கோட், ஈரம் நுழைவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த உள்பக்கத்தில்தான். வெளியே லின்சீட் ஆயில் மெல்லியதாகப் பல தடவை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிய வேண்டாம், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வைக்கவும், இல்லையென்றால் தண்ணீரில் போடவும்.

அளவும் பிறகு பார்த்ததும்

முதல் கட்டையில் ட்ரிக்கரிலிருந்து பட் முனை வரை 36 சென்டிமீட்டர், வளர்ந்த ஆளுக்கானது. முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்தால் இந்தப் பிள்ளைக்கு 31தான் வந்தது. இத்தனை நாள் தோளை இழுத்துக்கொண்டு, தலையை முன்னே நீட்டிச் சுட்டிருக்கிறாள். புதிய கட்டையை 31க்கு வெட்டி, பட்டின் பின்னால் ரப்பர் தகட்டை இரண்டு நீளத் திருகில் மாட்டினோம், வளர வளர நடுவே இடைத்தகடு சேர்க்கலாம். கட்டையின் எடை முந்தியதைவிடக் கூடிவிட்டது. பட்டின் உள்ளே பெரிய துளை ஒன்று போட்டுக் கொஞ்சம் குறைத்தோம், இல்லையென்றால் துப்பாக்கி பின்பாரமாகச் சாய்ந்திருக்கும்.

அதன் பிறகு ஒரு முழு ஐப்பசி, கார்த்திகை போய்விட்டது. ஐந்து அடுக்கின் ஓரத்தையும் நகத்தால் வருடிப் பார்த்தால் பூவரசு ஒரு மயிரிழை மேலே நிற்பதுபோல் தட்டுப்படுகிறது. இரண்டு மரமும் ஈரத்துக்கு ஒரே அளவு உப்புவதில்லை, அவ்வளவுதான். மாசியில் அது தணிந்துவிட்டது. ஒட்டுக் கோட்டில் சவரப் பிளேடு முனை நுழையவில்லை. பித்தளைப் புஷ் திருகுகள் மழைக்கு முன் இருந்த அதே முறுக்கில் நின்றன. பட்டில் 8 மில்லிமீட்டர் இடைத்தகடு ஒன்று ஏறியிருக்கிறது, மிச்சமான பூவரசில் வெட்டியது. அடுத்த தகட்டுக்கு இப்போதிருக்கும் திருகின் நீளம் போதாது. இரண்டு அங்குலத் திருகு வாங்கி வைத்தாயிற்று.